முதல் இரண்டு கிழமை

எங்கள் பக்கத்தில் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய நற்சான்று, "வகுப்பை அடக்கக் கூடியவர்" என்பதுதான். பாடத்தை விளங்கப்படுத்துவாரா, பிள்ளைகளோடு முகம் கொடுத்துப் பேசுவாரா என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான். அதிபர்மார் அப்படிச் சொல்வார்கள், பெற்றோர் அப்படிச் சொல்வார்கள், ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். எனக்கு ஏனோ இந்தச் சொல் பிடிப்பதில்லை. காளையை அடக்குவார்கள், கலகத்தை அடக்குவார்கள், ஆசையை அடக்கச் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் மையித்தை அடக்குவோம். எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை இவற்றில் எதோடு சேர்ப்பது?

ஆனால் புதிதாக நியமனம் பெற்று வரும் தம்பி, தங்கைமாருக்கு இந்தச் சொல்லைத் தவிர வேறு சொல்லும் கொடுக்கப்படுவதில்லை. பாடத்திட்டம் கொடுக்கிறோம், ஆசிரியர் கைந்நூல் கொடுக்கிறோம், நேரசூசி கொடுக்கிறோம். பிள்ளைகள் வகுப்புக்குள் எப்படி வருவது, பையை எங்கே வைப்பது, பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது என்பதை யார் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே தெரியும் என்ற எண்ணத்தில்தான் பாடசாலைகள் நடக்கின்றன.

நான் இந்தக் கிராமத்துக்கு வந்தது 2011 ஜனவரியில். தென்மராட்சி. தரம் 5 வரை மட்டும் உள்ள சின்னப் பாடசாலை. ஓடு போட்ட நீண்ட மண்டபம் ஒன்று, சுற்றிவர இடுப்பளவு அரைச்சுவர். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, கரும்பலகைதான் மறைப்பு. ஆசிரியர் போதாது என்பதால் தரம் 3 ஐயும் தரம் 4 ஐயும் சேர்த்து என்னிடம் தந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். தரம் 3 க்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் திரும்பினால் தரம் 4 சும்மா இருக்கும். சும்மா இருக்கிற பிள்ளை சும்மா இருக்காது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த பக்கத்தில் தரம் 2. அந்த வகுப்பு ரீச்சருக்கு ஓய்வுபெற நாலைந்து வருடந்தான் இருந்தது. மெலிந்த உருவம், மெல்லிய குரல். பிரம்பு இல்லை. முதற் கிழமை முழுவதும் அவர் பாடம் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கதிரையை இழுக்காமல் தூக்கி வைப்பது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் செய்தார்கள். கிறீச்சென்று சத்தம் வந்தது. "சரி, இன்னொருக்கா" என்றார். திரும்பவும் செய்தார்கள். முகத்தில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. பிறகு தண்ணீர்ப் போத்தலை அரைச்சுவரில் அடுக்குவது. பிறகு கொப்பியை மூடிய பக்கமாக அல்லாமல் திறந்த பக்கமாகக் கொண்டுவந்து திருத்தத் தருவது. இதற்கும் ஒத்திகை. நான் அரைச்சுவருக்கு இப்பால் நின்று வியப்போடு பார்த்தேன். ஆறாம் ஏழாம் நாளில் அவர் வகுப்புக்குள் வருமுன்னே பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, என்ன செய்யக்கூடாது எண்டு சொல்லிச் சொல்லியே நாங்கள் களைச்சுப் போறம். என்ன செய்யவேணும் எண்டு ஒருநாளும் பழக்கிறேல்லை. 'அ' எழுதப் பழக்க ஒரு மாதம் மினக்கெடுறம். வரிசையில நிக்கப் பழக்க ஒரு அதட்டு போதும் எண்டு நினைக்கிறம்."

அடுத்த கிழமை என் வகுப்பிலும் தொடங்கினேன். பழைய சைக்கிள் ஒன்றின் மணியைக் கழற்றி மேசை விளிம்பில் பூட்டினேன். ஒரு தரம் அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தரம் அடிப்பதில்லை. இரண்டாம் தரம் அடிக்கத் தொடங்கினால் முதலாவது மணிக்கு யாரும் திரும்பமாட்டார்கள். எல்லாரும் திரும்பும்வரை நான் பேசாமல் நிற்பேன். முதல் நாள் வெகுநேரம் நின்றேன். பத்தாம் நாள் மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை.

ஒன்றுக்குப் போக ஆளுக்கு ஆள் கை தூக்கி, பாடம் நடுவில் அறுந்துபோவது இன்னொரு தொல்லை. வாசல் ஆணியில் நீல நிறம் பூசிய சிரட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போகலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை. சிரட்டை ஆணியில் இல்லாவிட்டால் வெளியே ஒருவர் இருக்கிறார், காத்திருக்க வேண்டும். அனுமதி கேட்பதற்கு வெட்கப்பட்டு உடுப்பை நனைத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் அந்தச் சிரட்டையின் பெறுமதி விளங்கும்.

இரண்டு தரங்கள் ஒன்றாக இருக்கும் வகுப்பில் முக்கியமான கேள்வி, "முடிஞ்சுது சேர், இனி என்ன செய்ய?" என்பது. இதற்கு ஒரு விடை சுவரில் எப்போதும் இருக்க வேண்டும். முதலில் உன் வேலையை நீயே ஒருதரம் வாசி. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் பார். பிறகு பெட்டியில் இருந்து ஒரு கதைப் புத்தகம் எடு. வார்த்தைக்கு வார்த்தை இதே ஒழுங்கில் சொல்லி, செய்து காட்டி, செய்வித்துப் பழக்கியதற்கு ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் பாடத்திட்டத்தில் பின்தங்கினேன் என்பது உண்மை. பெப்ரவரி முடிவதற்குள் அதைப் பிடித்துவிட்டேன் என்பதும் உண்மை.

மொனிற்றர் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் இல்லாத நேரம் கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் பதவி அது. திண்ணைப் பள்ளிக் காலத்துச் சட்டாம்பிள்ளையின் பேரன். சட்டாம்பிள்ளை உண்மையில் மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிய ஆள். 1789 இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அதைத் தொடங்கினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1797 இல் இலண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுவதும் பரவியது. மணலும் படிப்பிப்பும் அங்கே போக, பெயர் எழுதிக் காட்டிக்கொடுக்கும் வேலை மட்டும் இங்கே நின்றுவிட்டது போலும். நான் மொனிற்றர் பதவியை எடுத்துவிட்டு வேலைகளைப் பிரித்தேன். வெண்கட்டி ஒருவர், தண்ணீர் ஒருவர், கதைப் பெட்டி ஒருவர், கரும்பலகையில் திகதி எழுத ஒருவர். கிழமைக்குக் கிழமை முறை மாறும். முப்பத்தொரு பேருக்கும் வரும், கெட்டிக்காரருக்கு மட்டுமல்ல.

பையை வைப்பதில்தான் ஒரு சிக்கல் வந்தது. எல்லாப் பைகளும் பின்சுவர் ஓரமாக வரிசையில் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஒரு பிள்ளை மட்டும் பையைக் கழற்றாது. முதுகில் பையோடுதான் கதிரையில் இருக்கும், பையோடுதான் எழுதும், இடைவேளைக்கும் பையோடுதான் போகும். 2009 இல் வன்னியிலிருந்து முகாம் வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. எத்தனை இடத்தில் "எழும்பு, வெளிக்கிடு" என்று அதற்குச் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள்: "அவ மட்டும் ஏன் சேர் வைக்கேல்லை?" நியாயமான கேள்வி. ஒழுங்கு என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே. "பின்சுவரில் அவவின்ர இடம் அப்படியே இருக்கு. வைக்கிற நேரம் வைப்பா" என்றேன். பின்சுவரில் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஒருநாள் பை அங்கே இருந்தது. யாரும் கைதட்டவில்லை. நானும் பேசாமல் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டேன்.

எனக்கு அந்தப் பிள்ளை விளங்கியதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி நான் ஆண்டு 5 மாணவன். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணி நேரம் தரப்பட்டது. பாடசாலைப் பையோடு சோனகதெருவிலிருந்து வெளிக்கிட்டேன். பையில்லாமல் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனேன். இதைப்பற்றி இந்தப் பக்கங்களில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

சேர்க்க வேண்டியது புத்தளத்தைப் பற்றித்தான். தில்லையடியில் எங்களுக்கு ஓர் ஓலைக்கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்தது. சுவர் இல்லை, கதவு இல்லை, வாங்கு இல்லை. கீழே மணல். எங்களோடு அகதியாக வந்த சேர் ஒருவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்ததும் ஒரு தடி எடுத்து மணலில் ஒரு கோடு கீறுவார். "இது வாசல்" என்பார். நாங்கள் கோட்டுக்கு வெளியே செருப்பைச் சோடி சோடியாக வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி, ஒவ்வொருவராக அந்த வாசலால்தான் உள்ளே வர வேண்டும். மற்ற மூன்று பக்கமும் திறந்துதான் கிடந்தது. ஒருவரும் அந்தப் பக்கங்களால் வரமாட்டோம். பிறகு இடாப்புக் கூப்பிடுவார், பிறகு வாய்ப்பாடு, பிறகு வாசிப்பு. மழை பெய்தாலும் அதே ஒழுங்கு. உணவு அட்டை எப்போது வரும், எப்போது ஊருக்குப் போவோம், வாப்பாவுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கொட்டிலுக்கு வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கோட்டுக்கு உள்ளே, வாய்ப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு என்று தெரியும். எனக்கு இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது காலுக்குக் கீழே மணல் சூடாக இருக்கும்.

2014, 2015 இல் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றேன். அங்கேதான் இவற்றுக்கெல்லாம் பெயர் இருப்பது தெரியவந்தது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தமது வகுப்பில் செய்திப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்ற எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி அவரைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனது. வகுப்பறைகளில் கமரா வைத்துப் பார்த்து 1970 இல் புத்தகமாக எழுதினார். பிழை நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் நல்ல வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை. வேறுபாடு அதற்கு முன்னே இருந்தது. ஆசிரியர் முழு வகுப்பையும் கண்ணில் வைத்திருக்கிறாரா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலின்றிக் கொண்டுபோகிறாரா என்பதில். இன்னும் மூன்று ஆய்வாளர்கள், எமர், எவர்ட்சன், அன்டர்சன் என்பவர்கள், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை வருடத் தொடக்கத்திலிருந்து அவதானித்து 1980 இல் எழுதினார்கள். நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் முதல் கிழமைகளில் ஒழுங்குமுறைகளை ஒரு பாடம் போலவே படிப்பித்திருந்தார்களாம். விரிவுரை மண்டபத்தில் இதைக் கேட்டபோது எனக்குத் தரம் 2 கதிரைகளின் கிறீச்சுச் சத்தம் காதில் கேட்டது.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க ஏலாது. "கண்ணை மட்டும் விட்டிட்டு மற்ற இடமெல்லாம் உரியுங்கோ சேர்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். அதை அன்பாகத்தான் சொல்கிறார்கள், அதுதான் சங்கடம். கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. 2016 இல் இன்னொரு சுற்றுநிருபம் பாடசாலை ஒழுக்கம் பற்றி வந்தது. 2021 இல் உயர் நீதிமன்றம், ஆசிரியரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இதெல்லாம் சரி. ஆனால் சுற்றுநிருபம் அதிபரின் கோப்புக்குள் போகிறது, ஆசிரியர் வகுப்புக்குள் போகிறார். பிரம்பை வைத்துவிட்டு வெறுங்கையோடு போகிறவருக்கு, கையில் வேறென்ன இருக்க வேண்டும் என்று யாராவது காட்ட வேண்டாமா? காட்டாவிட்டால் பிரம்பின் இடத்துக்கு நாக்கு வந்துவிடும். "மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு" என்ற வார்த்தைக்குத் தழும்பு வெளியே தெரியாது, எந்த வழக்கிலும் அகப்படாது.

ஒழுங்கு பிள்ளைகளுக்கு மட்டுமென்றால் அது மூன்று நாளுக்கு மேல் நிற்காது. திங்கட்கிழமை வாங்கிய கொப்பி செவ்வாய்க்கிழமை திருத்தித் திரும்ப வேண்டும். ஏழரைக்கு மணியென்றால் ஏழரைக்கு நான் அங்கே நிற்க வேண்டும். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் தேவாரம் பாடுவார்கள். நான் பாடுவதில்லை, ஆனால் கைகட்டி அசையாமல் நிற்பேன், என் வரிசையில் யார் அசைந்தாலும் எனக்குத் தெரியும், நான் அசைந்தால் அவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காகச் சாவகச்சேரிக்குப் போவேன். அந்த நேரத்துக்குரிய வேலை காலையிலேயே கரும்பலகையில் இருக்கும், அடுத்த வகுப்பு ரீச்சர் ஒரு கண் வைத்துக்கொள்வார். ஒருமுறை அப்படிப்பட்ட நேரத்தில் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்துவிட்டார். வகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறது, ஆசிரியரைக் காணவில்லை. "சேர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். "சேர் பள்ளிக்குப் போட்டார்" என்று ஒரு பிள்ளை. "அப்ப இது என்ன?" "இது பள்ளிக்கூடம். அது பள்ளி." மேற்பார்வைப் புத்தகத்தில் அவர் என்ன எழுதினார் என்பதைவிட இந்தக் கதையை ரீச்சர் எனக்குச் சொன்ன விதம்தான் நினைவில் நிற்கிறது.

இப்போது கலாசாலையிலிருந்து கற்பித்தற் பயிற்சிக்கு எங்கள் பாடசாலைக்கு ஆசிரிய மாணவர்கள் வருகிறார்கள். நிற அட்டைகள், படங்கள், பாடக்குறிப்பு எல்லாம் அழகாக இருக்கும். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிடும். கடைசியாக வந்த தங்கையிடம், வகுப்பில் எதிர்பார்ப்பதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஏழு வசனம் எழுதினார். ஏழும் "கூடாது" என்று முடிந்தன. ஒவ்வொன்றையும் செய்ய வேண்டியதாக மாற்றி எழுதச் சொன்னேன். "சத்தம் போடக்கூடாது" என்பதில் வெகுநேரம் நின்றார். "இதை எப்படி சேர் மாத்திறது? பேசாமல் இருக்கவேணும் எண்டா?" குழுவாகச் செய்யும் வேலையில் பேசாமல் எப்படி இருப்பது? கடைசியில் "பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில் கதைக்க வேணும்" என்று எழுதினார். அடுத்த நாள் அந்த அளவு எவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் கதைத்துக் காட்டினார். வசனங்களும் நாலாகக் குறைந்தன. நாலுக்கு மேல் எனக்கே நினைவில் நிற்பதில்லை.

கரும்பலகையின் வலது மூலையில் முறைக்குரிய பிள்ளை தினமும் திகதி எழுதும் என்று சொன்னேன். 2013 இல் ஒரு புதன்கிழமை, மாரி தொடங்கியிருந்த நேரம், வெண்கட்டியை எடுத்து அந்தக் கிழமைக்குரிய பிள்ளை 2013.10.30 என்று எழுதியது. அரைச்சுவருக்கு அப்பால் தரம் 2 இலும் ஒரு பிள்ளை அதையே எழுதிக்கொண்டிருந்தது. பூச்சியத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு அழித்தது. ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வந்து அரைச்சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உங்களை அனுப்பின நாள், என்ன தம்பி?"

"ஓம் ரீச்சர்."

"எங்களுக்கும் இதே நாள்தான். தொண்ணூற்றைஞ்சில. வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டு, இரவிரவா நாவற்குழிப் பாலத்தடியில மழைக்குள்ள நிண்டம். என்ர மூத்தவன் கொப்பிகளைச் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தவன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு கிழமையால சாவகச்சேரியில ஒரு மரத்தடியில வகுப்புத் தொடங்கினன். முதல் நாள் என்ன படிப்பிச்சன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"கதிரை தூக்க?"

"கதிரைக்கு எங்க போறது? வரிசையில நிக்க."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தரம் 3 க்கு அன்று கடன் வாங்கிக் கழித்தல். தரம் 4 க்கு வாசிப்பு.